முட்டை சிக்கிய கோழியின் வயிற்றைப் பிதுக்காதீர்கள்

"முட்டை சிக்கிக்கொண்டால் அடிவயிற்றை அழுத்திப் பிதுக்கினால் வெளியே வந்துவிடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். உள்ளேயே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு, முட்டை வரும் பாதையான கருக்குழாயைக் கிழிக்கும், சீழ் பிடிக்கும். சில சமயம் குழாயே வெளியே தள்ளிவிடும். அப்புறம் கோழியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

எங்கள் வீட்டுக் கோழி ஒன்று வாலைத் தொங்கப்போட்டு, உடம்பை நிமிர்த்தி, முக்கி முக்கி நின்றது. தீனி பக்கமே போகவில்லை. கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் அடிப்பாகம் நனையும்படி இருபது நிமிடம் உட்கார வைத்தேன். துடைத்து, ஆசனவாயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான கூடையில் விட்டேன். சாயங்காலம் முட்டை வந்தது, ஓடு கெட்டியாகாத தோல்முட்டை போல மெத்தென்று. எல்லாக் கோழிக்கும் இது போதாது. அன்றைக்குள் முட்டை வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவு முட்டை சிக்குவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஓடு முக்கால்வாசிக்கு மேல் சுண்ணாம்புதான், அது உருவாகவே சுமார் 20 மணி நேரம் ஆகும். முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் அதே சத்து வேண்டும். வெறும் அரிசியும் சோளமும் போட்டால் எங்கிருந்து வரும்? கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும்.