அடிபட்டவனே சொல்ல வேண்டும்

'டார்க்கான்' ஆவணப்படத்தைப் பார்க்கக் கிடைத்தால், சிரிப்பதற்காக மட்டும் பார்க்காதீர்கள் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2006-இல் வந்த அமெரிக்கப் படம். பால்டிமோர் வட்டாரத்தில் வார இறுதிகளில் வேடம் கட்டி, கவசம் பூட்டி, கற்பனை நாடுகளுக்காகக் களமிறங்கும் சாதாரண மனிதர்களைப் பற்றியது. அந்த நாடுகளுக்கு அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம் உண்டு. அவர்கள் போரிடுவது அந்த நிலத்துக்காகத்தான். லக்கோனியா நாட்டின் தலைவராக வருபவர், மற்ற நாள்களில் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தந்தை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தோம். படம் சூடு பிடிப்பதற்குள்ளேயே "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்றது ஒரு குரல். எனக்குச் சுருக்கென்றது.

அவர்களுடைய வாளைக் கொஞ்சம் கவனியுங்கள். குழாய் போன்ற ஒரு தண்டின்மேல் தடித்த நுரைப்பஞ்சு சுற்றி, துணியால் உறையிட்டது. ஓங்கி அடித்தாலும் பொதுவாக எலும்பு முறியாது, ரத்தம் வராது. ஆகவே அடி பட்டதா இல்லையா என்பதை அடிவாங்கியவனே சொல்ல வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை மடக்கிக்கொண்டு மறு கையால் போரிடுவதும், காலில் பட்டால் மண்டியிடுவதும் இவ்வகை ஆட்டங்களில் வழக்கம். கூட்டமாக மோதும் களத்தில் ஒருவன் மறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவன் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஆட்டமே நிற்கிறது. வளர்ந்த மனிதர்கள் இப்படி ஓர் ஏற்பாட்டை விரும்பிக் கட்டிக்காப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேடம் நமக்கென்ன புதிதா? வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவிரவாகப் பாரதக் கூத்து நடக்கும். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையை வீமன் பிளக்கும் படுகளத்தன்று ஊரே அந்தக் கதைக்குள் நிற்கும். வீமனாக ஆடியவர் திருவிழா முடிந்ததும் வயலுக்குப் போவார். அவரை வேலையற்றவர் என்று யார் சொன்னார்கள்? "அது வழிபாடு, இது பொழுதுபோக்கு" என்று நண்பர் விடவில்லை. வேறுபாடு உண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புக்கிட் ஜாலில் கால்பந்து அரங்கில் முகமெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது எந்த வழிபாடு? அங்கே போனால் ரசிகன், நுரைவாள் பிடித்தால் பைத்தியம்!

இந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் உண்டு. செந்தூலில் இருக்கும் என் அக்கா மகள் கணக்காளர். கதைமாந்தர்போல் வேடமிட்டு ரசிகர்கள் கூடும் காமிக்ஸ், அனிமே விழாவான காமிக் ஃபியஸ்டா டிசம்பரில் நடக்கும்; அதற்காக அவள் தோள்கவசம் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நுரைத்தகட்டைச் சூடான காற்றில் வாட்டி, இளகியதும் தன் தோளின்மேலேயே வைத்து அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடித்திருந்தாள். விரல்களெல்லாம் பசை. ஓரம் சரியாக வரவில்லை என்று வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். அந்த நேரத்தில்தான் ஓர் உறவினர் வந்து, "கல்யாண வயதில் இது என்ன விளையாட்டு?" என்றார். அவள் பதில் பேசாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அவள் மறைக்க வேண்டியது எதுவுமில்லை. இந்த முறை அவள் அந்தக் கவசத்தோடு ரயிலேறும்போது நானும் கூடப் போகிறேன். உறவினர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.