அந்த ராக்கெட் சேலஞ்சர் அல்ல

வசனமே இல்லாத 'கொயானிஸ்காட்சி' ஆவணப்படத்தின் முடிவில் வெடிப்பது சேலஞ்சர் விண்வெளி ஓடம் என்று சிலர் குறிப்பிடுகிறார்கள். அதற்கு வாய்ப்பில்லை, படம் வெளிவந்தது 1982இல், ஏவிய சற்று நேரத்தில் சிதறி அதிலிருந்த அனைவரும் இறந்த சேலஞ்சர் விபத்து நிகழ்ந்ததோ 1986 ஜனவரி 28 அன்று. திரையில் வெடிப்பது, 1962 மே 8 அன்று ஆளின்றி ஏவப்பட்டு ஒரு நிமிடம் முடிவதற்குள் சிதறிய அட்லஸ்-சென்டார் ராக்கெட். ஐயமுள்ளவர்கள் அந்த ஏவுதலின் நாசா ஆவணக் காட்சியை இணையத்தில் தேடி, படத்தின் கடைசி நிமிடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: சேலஞ்சரில் இருந்ததுபோல ஓடமோ பக்கவாட்டு பூஸ்டர்களோ (துணை ராக்கெட்டுகளோ) இல்லாத ஒற்றை உருளைதான் தெரியும். பிலிப் கிளாஸின் இசையினூடே, தீயோடு சுழன்று சுழன்று வெகுநேரம் விழுந்துகொண்டேயிருக்கும் அந்த உலோகத் துண்டைப் பார்க்கையில் பிற்காலத் துயரம் நினைவில் கலந்துவிடுவது இயல்புதான். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.