மைல்கற்களை அவை நின்ற இடத்திலேயே நிற்க விடுங்கள்

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி தொடங்கும்போது, வெட்டப்படப்போகும் புளியமரங்களுக்காகக் குரல் கொடுக்கச் சிலராவது முன்வருகிறார்கள். எத்தனை மரங்கள் போகின்றன என்று கணக்குக் கேட்கிறார்கள். நீதிமன்றம் வரை போகிறார்கள். அந்த மரங்களுக்குக் கீழே ஒன்றரை நூற்றாண்டாக நின்றிருக்கும் மைல்கல்லுக்காகப் பேச மட்டும் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. பொக்லைன் அதைப் பெயர்த்து மண் குவியலோடு தள்ளுகிறது. இல்லையென்றால் சாலை மட்டம் உயர உயர எழுத்துகள் தாருக்கும் சரளைக்கும் அடியில் போய், கல்லின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. சாலை ஒப்பந்தங்களில் இந்தக் கற்களுக்கென ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும் என்பதும், அவற்றை அருங்காட்சியகத்துக்கோ தனியார் தோட்டத்துக்கோ எடுத்துச் செல்லாமல் அவை நின்ற இடத்திலேயே காக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ‘அதியமான் பெருவழி’ என்று சாலையின் பெயரைச் சொல்லி, நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் (காதம் என்பது பழைய தொலைவு அளவு) என்று அது அறிவிக்கிறது. சாலையின் பெயர், சேரும் ஊர், தொலைவு ஆகிய மூன்றையும் இன்றைய நெடுஞ்சாலைப் பலகையும் அதே முறையில்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத வண்டிக்காரரும் பொதிமாடு ஓட்டி வந்த வணிகரும் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். வழி சொல்லும் பலகை யாருக்காக என்ற கேள்விக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு அக்கறையோடு விடை சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

அந்த 29 என்ற எண்ணுக்குப் பொருள் தருவது கல் நின்ற இடம்தான். எங்கிருந்து இருபத்தொன்பது காதம் என்று தெரியாவிட்டால் அது வெறும் எண்ணாகிவிடும். காதம் என்ற அளவு காலத்துக்குக் காலம், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிய ஒன்று. கல் கிடைத்த இடமும், அதில் குறிக்கப்பட்ட ஊரும், வழியில் உள்ள பிற தடயங்களும் சேர்ந்தால்தான் பழைய பெருவழி எப்படி வளைந்து சென்றது, ஒரு காதம் ஏறக்குறைய எவ்வளவு என்பதையெல்லாம் ஆய்வாளர்களால் கணிக்க முடிகிறது. ஒரு சிலையைக் கோயிலிலிருந்து பெயர்த்தாலும் அதன் அழகு சிலையிலேயே தங்கியிருக்கும். மைல்கல்லைப் பெயர்த்தால் அது சொன்ன செய்தியே பொய்யாகிவிடும். கோயம்புத்தூருக்கு அருகே, பாலக்காட்டுக் கணவாய்க்குச் செல்லும் வழியில், சோழர் காலத்து இராசகேசரிப் பெருவழியைப் பற்றிய கல்வெட்டு இன்றும் அதே இடத்தில் இருப்பதற்குக் காரணம், அது பெயர்த்துச் செல்ல முடியாத பாறையில் வெட்டப்பட்டிருப்பதுதான் என்று நினைக்கிறேன். தனிக்கல்லாக நட்டிருந்தால் இதற்குள் எந்த வீட்டின் படிக்கட்டாகியிருக்குமோ தெரியாது.

ஆங்கிலேயர் காலத்து மைல்கற்களுக்கு இவ்வளவு வயது இல்லை என்பதால் அவற்றைத் தொல்பொருளாகவே பலரும் மதிப்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழிலும், தொலைவை ரோமன் எண்ணிலும் தமிழ் எண்ணிலும் பொறித்த கற்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு மைல் என்பதை ௰௨ என்று ஒரு சாலையோரக் கல்லில் வெட்டினார்கள் என்றால், வண்டியோட்டிகளும் கால்நடையாகப் போனவர்களும் அந்த எண்ணைத் தடையின்றிப் படித்தார்கள் என்றுதானே பொருள்? தமிழ் எண்கள் ஓலையிலும் கணக்குப்பிள்ளையின் நோட்டிலும் மட்டும் இருந்தவை அல்ல, தெருவில் புழங்கியவை என்பதற்கு இவற்றைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களைப் பாடப்புத்தகத்தில் அட்டவணையாகக் காட்டும் ஆசிரியர்கள், அருகிலேயே இப்படி ஒரு கல் இருந்தால் அவர்களை ஒருமுறை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

1956-ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்து, சாலைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் என்பதால், பழைய கற்கள் நின்ற இடங்கள் புதிய கணக்குக்குப் பொருந்தவில்லை. சில கற்கள் பிடுங்கப்பட்டன. சில கைவிடப்பட்டு நின்ற இடத்திலேயே நின்றன. இன்னும் சிலவற்றின் மேல் புதிய சாயம் பூசிப் புதிய எண் எழுதினார்கள். மைலுக்கு எட்டுப் பர்லாங் என்ற கணக்கில் இரண்டு மைல்கற்களுக்கு நடுவே ஏழு சிறிய பர்லாங் கற்கள் இருக்கும்; அளவில் சிறியவை என்பதால் முதலில் காணாமல் போனவை அவைதாம். இன்று முழங்கால் உயரத்தில் ஓர் ஒற்றை எண்ணோடு ஒரு கல்லைக் கண்டால், அது எல்லைக்கல்லா பர்லாங் கல்லா என்று சொல்லத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றியபோதும் இதே கதைதான். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த 7-ஆம் எண் சாலையின் தமிழ்நாட்டுப் பகுதி 44 ஆனது. மஞ்சள் தலை வைத்த கற்களில் பழைய எண் அழிக்கப்பட்டது. ஓரிடத்திலாவது பழைய எண்ணோடு ஒரு கல்லை விட்டுவைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

இவற்றைத் தேடுவது எப்படி என்று நண்பர்கள் சிலர் கேட்டதுண்டு. புதிய நான்குவழிச் சாலையில் தேடினால் கிடைக்காது. வளைவுகளை நேராக்கும்போது கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டுகளிலும், புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் ஒடுங்கிப்போன பழைய வழியிலும்தான் தேட வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் சாலையோரம் மைல்கற்கள் எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வரைபடம் கிடைக்காத இடத்தில் மரங்களும் கட்டடங்களும் வழிகாட்டும். இரு மருங்கிலும் முதிர்ந்த புளியமரங்கள், இடிந்த சத்திரம், ஊருணிக் கரை, தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல் ஆகியவை ஒரே கோட்டில் வந்தால் அது பழைய வழி என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் எல்லாவற்றையும்விட உறுதியான துணை, சாலைப் பணியாளர்களாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஆயுத பூசையன்று மைல்கல்லைக் கழுவி, சுண்ணாம்படித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுக் கும்பிடும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. எந்தக் கல் எப்போது எங்கே நகர்த்தப்பட்டது என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாமல் அவர்களுடைய நினைவில் மட்டும் இருக்கிறது. அந்த நினைவைப் பதிவு செய்வதும் அவசரமான வேலை.

கல் கிடைத்துவிட்டால் ஆர்வத்தில் செய்யும் காரியங்கள் அதைக் கெடுத்துவிடக் கூடாது. கம்பித் தூரிகையும் அமிலமும் எழுத்தைத் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும் நேரத்தில் படம் எடுத்தால் உச்சிவெயிலில் தெரியாத கோடுகள் நிழல் பிடித்துத் தெரியும். தெரிந்தவர்கள் உடன் இருந்தால் கல்வெட்டுகளுக்கு எடுப்பதுபோல, ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படி எடுக்கலாம். கல்லின் எந்த முகம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதையும் தவறாமல் குறிக்க வேண்டும். எதிர்வரும் ஊரின் தொலைவைச் சொல்வதற்காகவே ஒவ்வொரு முகமும் செதுக்கப்பட்டிருப்பதால், திசையை விட்டுவிட்டால் பாதிச் செய்தி போய்விடும். மஞ்சள் பூசித் துணி கட்டிச் சாமியாக வழிபடப்படும் கற்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைந்தாலும், யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள் என்ற வகையில் அவை பத்திரமாக இருக்கின்றன. அங்கெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவதே முறை.

உலோகப் பலகைகளைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு வேறு. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளை உயர் வெப்பத்தில் உருக்கிப் படியவைத்த எனாமல் பலகையின் நிறம் பல பத்தாண்டுகள் வெயிலில் நின்றாலும் எளிதில் வெளுக்காது. ஆனால் கல்லடி பட்டு ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு நுழைந்து தகட்டையே அரித்துவிடும். பழைய இரும்புக் கடைக்கு எடை போடப்படும் ஆபத்தும் அதற்கு உண்டு. ஆகவே சாலையிலிருந்து நீக்கப்பட்ட பலகையைக் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பதில் தவறில்லை. புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்த நீலநிறத் தெருப் பெயர்ப் பலகைகள் நகரத்தின் அடையாளமாகவே மதிக்கப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பயன்பாட்டில் இருக்கும்போதே ஒன்றைப் போற்றுவது நம்மால் முடியாத செயல் அல்ல.

வெளியே பார்த்தாலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. முகலாயர் காலப் பெருவழிகளில் தொலைவு காட்டக் கட்டப்பட்ட தூண்களான கோஸ் மினார்கள் பல, சாலையே இடம் மாறிப்போன பிறகும் அரியானாவின் வயல்களுக்கு நடுவே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன; ஒன்று தில்லி விலங்குக்காட்சி சாலைக்குள்ளேயே நிற்கிறது. சுற்றிலும் ஊரே மாறினாலும் தூணை நகர்த்தவில்லை. இங்கிலாந்தில் 1940-இல் படையெடுப்பு அச்சத்தால் கைகாட்டிகள் கழற்றப்பட்டன, மைல்கற்கள் பல புதைக்கப்பட்டன. போருக்குப் பின் அவற்றுள் கணிசமானவை மீண்டும் நடப்பட்டன. மைல்கற்களைப் பட்டியலிட்டுக் காப்பதற்கென்றே 2001-இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நமக்கும் மாவட்ட அளவில் அப்படிப்பட்ட பட்டியல்கள் வேண்டும். வரலாற்றுத் துறை உள்ள கல்லூரிகள் மனம் வைத்தால் மாணவர்களைக் கொண்டே ஓராண்டில் தங்கள் மாவட்டத்தின் பழைய சாலைகளை நடந்து முடித்துவிட முடியும் என்று நம்புகிறேன்.

சட்டமும் முற்றிலும் எதிராக இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கல்வெட்டு தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகிறது; எழுத்துப் பொறித்த பழைய மைல்கல்லை அதற்குள் கொண்டுவர ஒரு மாவட்டத்தின் அலுவலர்களுக்கு மனம் இருந்தால் போதும். சாலை விரிவாக்கத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே மரங்களைக் கணக்கெடுப்பதுபோல இந்தக் கற்களையும் கணக்கெடுக்க வேண்டும். விரிவாக்கத்தின் எல்லைக்குள் ஒரு கல் வந்தால், சாலையின் நீளவாக்கில் ஓர் அடிகூட நகர்த்தாமல், பக்கவாட்டில் மட்டும் புதிய ஓரத்துக்கு நகர்த்தி, முகம் பழைய திசையையே பார்க்கும்படி நட வேண்டும். அப்படிச் செய்தால் தொலைவு பொய்யாகாது, சாலையும் தடைபடாது. பல கோடி ரூபாய்த் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு கணக்கில் தெரியாத அளவே இருக்கும்.

உங்கள் ஊர்ச் சாலையில் விரிவாக்கத்துக்கு அளவெடுத்து அடையாளக் குறி போட்டிருந்தால், இப்போதே ஒரு நடை போய்க் கற்களைப் படமெடுத்து, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறித்துவையுங்கள். பிறகு அந்தப் படங்களை இணைத்து, கல்லைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தி நடக் கோரும் மனு ஒன்றைத் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து, அதன் நகலை நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும் தொல்லியல் துறைக்கும் பதிவஞ்சலில் அனுப்புங்கள். வேலை தொடங்குவதற்கு முன் கொடுத்த மனுவுக்குத்தான் பலன் இருக்கும் என்பதால் ஒப்பந்தப் புள்ளி திறக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.