தூக்கியதற்கு நான் நன்றி சொல்லவில்லையாம்

அந்தப் போட்டோவை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் இருப்பது நான்தான் என்று எனக்குத் தெரியாதோ என்னவோ. நாலு பேர் என்னை வீல்சேரோடு மேடைக்குத் தூக்குகிறார்கள். மேலே ‘மனிதம் சாகவில்லை’ என்று தலைப்பு. என்னைக் கேட்காமல் தூக்கியது பிடிக்கவில்லை என்று நேற்று இரவு நான் போட்ட இரண்டு வரிக்கு, ‘நன்றிகூடச் சொல்லவில்லையே’ என்று வந்த பதில்களைப் படித்த பிறகு, இதை எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கிய நாலு பேர் மேல் எனக்குக் கோபமில்லை. (கொஞ்சம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.)

இது நடந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளின் கண்காட்சி விழாவில். கண்காட்சியைக் குறை சொல்லவே மாட்டேன். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் திரை ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கணினியில் வரி மாற மாற, விரலுக்கு அடியில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் எழுந்து அமுங்குகின்றன. கண் அசைவால் தட்டச்சு செய்யும் கருவியில் என் பெயர் மூன்று தடவை தப்பாக வந்தது. நான்காவது தடவை சரியாக வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். வீல்சேரில் போட்டு உட்காரும் காற்றறை மெத்தை விற்கிற இடத்தில் மட்டும் அரை மணி நேரம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து தோல் புண்ணானால் என்ன பாடு என்று. அங்கே இருந்தவர் நல்ல விவரம் தெரிந்தவர். ஆனால் கேள்வியெல்லாம் என் தம்பியிடம். “இவங்களுக்கு இடுப்பு அகலம் எவ்வளவு இருக்கும் சார்?” தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “அவங்ககிட்டயே கேளுங்க” என்றான்.

சரி, மேடைக்கு வருவோம். நான் பேச வேண்டிய தலைப்பு ‘தடையற்ற சூழல்’. மேடைக்கு மூன்று படிகள். சாய்தளம் (ரேம்ப்) இல்லை. இதில் நான் எதையும் கற்பனை செய்து சேர்க்கவில்லை.

படிகளைப் பார்த்துவிட்டு “எப்படி ஏறுவது?” என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் “பிடிங்க பிடிங்க” என்று நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்துத் தூக்கினார். அது கழற்றி மாட்டுகிற ஆர்ம்ரெஸ்ட். ‘டக்’ என்று கழன்று அவர் கையோடு போய்விட்டது, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழாமல் இருக்க இன்னொருவர் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். முன்பின் தெரியாத ஆள். அந்த நொடியில் எடுத்ததுதான் நீங்கள் நெகிழ்ந்த போட்டோ. நான் சிரிக்கிறேன் என்கிறீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஒருநாள் விழாவுக்கு ரேம்ப் கட்ட முடியுமா?” என்கிறார் ஒருவர். நியாயமான கேள்விதான். உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஒன்றரை அடி மேடைக்கு 18 அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் மைக்கைக் கீழே இறக்குங்கள், எல்லோரும் கீழேயே உட்கார்ந்து பேசுவோம். செலவே இல்லை. இன்னொன்றும் உண்டு. அதே அரங்கில், மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கழற்றி மாட்டும் ரேம்ப் விற்பவர்கள் ஸ்டால் போட்டிருந்தார்கள்! அந்தப் பையன் பிறகு என்னிடம் வந்து, “அக்கா, கேட்டிருந்தா நாங்களே போட்டுக் கொடுத்திருப்போமே” என்றான். கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை.

“உதவி செய்தாலும் குற்றமா, இனி யார் உதவுவார்கள்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. மிரட்டுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு கதை மட்டும் சொல்கிறேன். ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்று ஒரு சுரங்கப் பொறியாளர். விபத்தில் முதுகெலும்பு உடைந்தவர். அந்தக் கால வீல்சேரோ கனம், காருக்குள் ஏற்ற முடியாது. பொறியாளரான நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து 1933-இல் மடக்கு வீல்சேரைச் செய்தார். “கவலைப்படாதே, நான் தூக்கிக்கொண்டு போகிறேன்” என்று அந்த நண்பர் சொல்லியிருந்தால் எவரெஸ்டும் நெகிழ்ந்திருப்பார், உலகமும் நெகிழ்ந்திருக்கும். மடக்கு வீல்சேர் வந்திருக்காது. ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு நாங்கள் நடமாடுவதைப் பற்றியதுதான். ‘முடிந்தவரை சுதந்திரமாக’ என்கிறது. ‘முடிந்தவரை நாலு பேரோடு’ என்று எங்கேயும் இல்லை.

கல்லூரியில் என் ஆய்வகம் இரண்டாவது மாடி. வகுப்பு நண்பர்கள்தான் தூக்குவார்கள். தங்கமானவர்கள், இன்றைக்கும் நல்ல பழக்கம். அவர்கள் வராத நாள் எனக்கும் ஆய்வகம் கிடையாது. அதைக்கூட விடுங்கள். மூன்று வருடம் நான் அவர்களில் ஒருவரோடும் சண்டை போட்டதில்லை. மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருத்தன் என் நோட்டைத் தொலைத்துவிட்டான், தேர்வுக்கு நாலு நாள் முன்னால். “பரவாயில்லைடா” என்றேன். கோபித்துக்கொண்டால் நாளைக்கு யார் தூக்குவது? வகுப்பில் எனக்கு வைத்த பெயர் ‘சிரிச்ச முகம்’.

அந்த முகத்தைத்தான் இப்போதும் கேட்கிறீர்கள். “சிரித்துக்கொண்டே நன்றி சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?” என்று எழுதியது என் சொந்தக்கார அண்ணன். அண்ணா, எனக்கு வயது நாற்பத்திரண்டு. இருபது வருடமாகச் சம்பாதிக்கிறேன். நாலு பேர் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்க, சேலையை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு, கழன்ற ஆர்ம்ரெஸ்ட்டை இன்னொரு கையில் வாங்கிக்கொண்டு, தடையற்ற சூழல் பற்றிப் பேச மேடைக்குப் போனேன். இறங்கும்போதும் தூக்கித்தான் இறக்கினார்கள். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ரேம்ப் ஸ்டால் பையன் கொடுத்த விவரத்தாளைப் படம் எடுத்து விழாக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளாகிறது. நீல டிக் விழுந்திருக்கிறது.