அந்த எண்ணை அவள் ஏன் போட வேண்டும்?

வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில், புதிய தளத்தில் ஒரு எண்ணைத் தவறாகப் போட்டதற்காக ஒரு புதுப் பெண்ணை எல்லோர் முன்னும் விசாரித்ததை அன்றைக்கே எழுதியிருந்தேன். வந்த பதில்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "குபர்நெட்டிஸ் கத்துக்க அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டவர்களுக்குத்தான் இது.

குபர்நெட்டிஸ் என்பது பல சர்வர்களில் ஆப்களை ஓடவைத்து நிர்வகிக்கும் மென்பொருள். எனக்கு அது கஷ்டமில்லை. ஐந்து வருடமாக அதில்தான் வேலை செய்கிறேன். தளத்தை நவீனமாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு, அதன் பாரத்தை டெவலப்பர் தலையில் இறக்கி வைப்பதைத்தான் கேட்கிறேன். போன மாதம் வரை ஒரு கிட் புஷ் போதும்; எழுதிய கோடை ஒரே கட்டளையில் அனுப்பிவிட்டால் மீதியைத் தளம் பார்த்துக்கொள்ளும். இப்போது அதே சின்ன சர்வீஸுக்கு டாக்கர்ஃபைல், டிப்ளாய்மென்ட், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வழிவிடும் இங்க்ரெஸ், சீக்ரெட் என்று எல்லா அமைப்புக் கோப்புகளையும் அவரவரே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான தென்காசிப் பெண் மெமரி லிமிட்டை, அதாவது சர்வீஸ் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்ற எண்ணை, குறைவாகப் போட்டுவிட்டாள். பாட், அதாவது அந்த சர்வீஸ் ஓடும் பெட்டி, விழுந்து விழுந்து எழுந்தது. இருபது பேர் இருந்த கான்ஃபரன்ஸ் காலில் அவளை விசாரித்தார்கள். அந்த எண்ணை அவள் ஏன் போட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2013-ல் பெங்களூரு மடிவாளாவில் நான்கு பேர் தங்கிய பிஜி அறையில் உட்கார்ந்து என் முதல் ஆப்பை, ஆப்களை இணையத்தில் ஓடவைத்துத் தரும் தளமான ஹெரோக்குவில் ஏற்றினேன். தர்மபுரியில் அண்ணனின் உரக்கடைக்குக் கடன் கணக்கு எழுதும் ஆப். சர்வர் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. புஷ் செய்தேன். ரூபி மொழியில் எழுதியது என்று அதுவே கண்டுபிடித்து, அதற்கு வேண்டிய ஜெம்கள் என்ற துணை நிரல்களை இறக்கி, கடைசியில் ஒரு முகவரியைக் கொடுத்தது. ராத்திரி ஒரு மணிக்கு அண்ணனை எழுப்பினேன். போனில் திறந்து பார்த்துவிட்டு, "இது நீ செஞ்சதாடா?" என்றார். அன்றைக்கு யாராவது என்னிடம் இங்க்ரெஸ் கேட்டிருந்தால் நான் அந்த உரக்கடைக்கே திரும்பியிருப்பேன்.

அடியில் இருப்பதை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஹெரோக்குவே 2024 நவம்பரில் ஃபிர் என்ற புதிய தலைமுறையை அறிவித்தது. உள்ளே குபர்நெட்டிஸ், கண்காணிப்புக்கு ஓபன் டெலிமெட்ரி, கோடை ஓடும் வடிவுக்கு மாற்ற கிளவுட் நேட்டிவ் பில்ட்பேக்குகள். எல்லாம் மாறியும் டெவலப்பர் செய்வது அதே கிட் புஷ்தான். ஆப்களை எப்படி எழுத வேண்டும் என்று 2011-ல் அவர்கள் வகுத்த பன்னிரண்டு விதிகளிலேயே, ஆப்பின் வேலை எது, தளத்தின் வேலை எது என்ற இந்தக் கோடு இருக்கிறது. லாக்கை, அதாவது நடந்ததைச் சொல்லும் பதிவை, ஆப் வெளியே ஓடவிட்டால் போதும். சேர்ப்பதும் வைத்துக்கொள்வதும் தளத்தின் வேலை.

"ஹெரோக்கு 2022-ல் இலவசத் திட்டத்தை மூடியதே, கோடு வைக்கும் கிட்ஹப்பின் நுழைவு டோக்கன்கள் அங்கிருந்து திருடு போனதே" என்பீர்கள். நடந்ததுதான். அந்த நிறுவனத்துக்காக நான் வாதாட வரவில்லை. தளத்தை மாற்றினால் செலவு குறையும் என்றால் குறையட்டும்.

ஆனால் "அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாதவன் இன்ஜினியரே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சுட்டது. தெரிந்துகொள்ளட்டும், நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். கெடு வைத்து, பிழை வந்ததும் ஆளைப் பிடித்து நிறுத்துவது கற்றுக்கொடுப்பது ஆகாது. தளத்தை மாற்றியவர்களே, மாற்றத்தைத் திட்டமிட்ட ஆறு மாதத்தில் எங்களில் ஒருவரிடமாவது வந்து, "உங்களுக்கு எது தடங்கல்?" என்று கேட்டீர்களா? வீட்டில் முதல் ஆளாகப் படித்து, சில்க் போர்டு நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் நின்று வேலைக்கு வருகிற பெண் அவள். அந்த கான்ஃபரன்ஸ் காலில் குரல் உடைந்ததும் மைக்கை அணைத்துவிட்டாள். அது எல்லோருக்கும் தெரிந்தது.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அவளிடமிருந்து செய்தி: "அண்ணா, 512 எம்பி போட்டா போதுமா?"

எனக்கும் தெரியவில்லை. போட்டுப் பாரும்மா, நான் ஆன்லைனில்தான் இருக்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.