பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கப்பட்ட தொண்டைமானாறு

யாழ்ப்பாணத்தின் வடகரை ஊரான தொண்டைமானாற்றை ஒரு தம்பி சுற்றிக் காட்டும் அந்தப் பயணக் காணொளியை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பாத நண்பர்கள் குறைவு என்பதால், அவர் யார் என்று இங்கே விளக்க வேண்டிய தேவை இல்லை. "கோயிலைத் தவிர இங்க பார்க்க ஒண்டும் இல்லை மக்களே, பதினைந்து நிமிஷம் போதும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் எல்லோரும் பகிர்ந்திருந்தீர்கள். அதைவிட என்னைச் சினமூட்டியது, அவர் எங்கே நின்றுகொண்டு அதைச் சொன்னார் என்பது. தொண்டைமானாற்று அணைக்கட்டின் மேல் நின்று, ட்ரோனை மேலே அனுப்பிவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்கிறார்!

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலை நோக்கிப் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்பதைத்தான் நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கடல் உள்ளே ஏறினால் அந்தக் கிணறும் போய்விடும். வடமராட்சி நீரேரி, அதாவது நிலத்துக்குள் நீளும் உவர்நீர்ப் பரப்பு, கடலோடு சேரும் வாயில் 1950களில் இந்த அணை எழுந்தது அதற்காகத்தான். கடல்நீரை வெளியே மறித்து, மாரி மழையை உள்ளே தேக்கி, பெருவெள்ளம் வந்தால் கதவுகளைத் திறந்துவிட்டு, ஆண்டுக்காண்டு நீரேரியின் உப்பைக் கழுவி வெளியேற்றுவதே நோக்கம். ஆனையிறவு நீரேரியின் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, இங்கும் அரியாலையிலும் கடலைத் தடுத்தால் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கிடைக்கும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட திட்டத்தில் இதுவும் ஒரு கண்ணி. அத்திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு கவலை. ஆனால் ஒரு மாகாணத்தின் குடிநீர்க் கனவின் மேல் நின்றுகொண்டு, அது என்னவென்று பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போவதற்குப் பெயர் சுற்றுலாவா?

பார்க்க ஒன்றுமில்லை என்பது பொய். கேட்க மனமில்லை என்பதே உண்மை.

ஊரின் பெயரே ஒரு கதை. முதலாம் குலோத்துங்கனின் தளபதி, கலிங்கத்துப் பரணி பாடும் அதே கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் கலங்கள் உள்ளே வருவதற்காக இந்த வாய்க்காலை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் கதை. "இதற்குக் கல்வெட்டு உண்டா?" என்று உடனே வரிந்துகட்டுவோர் இருப்பார்கள். தாராளமாகச் சந்தேகப்படுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சந்தேகப்படுகிறேன். ஆனால் சந்தேகப்படுவதற்கும் முதலில் கதையைத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, அவர் பெருந்தன்மையோடு விதிவிலக்களித்த கோயிலுக்கே வருவோம். செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் அவர் பார்த்தது கோபுரத்தையும் கடைவீதியையும் மட்டுமே. பூசகர் மந்திரம் ஓதாமல் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வதை அவர் பார்க்கவில்லை. மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமரை முருகனே அழைத்து இந்த வழிபாட்டைக் கற்பித்தான் என்ற ஐதீகமும், ஆலம் இலைகளில் அமுது படைக்கும் வழக்கமும், தென்னிலங்கையின் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரை ஆண்டுதோறும் இங்கிருந்தே புறப்படுவதும் காணொளியில் ஓரிடத்திலும் இல்லை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வாரக்கணக்கில் நடந்து காட்டைக் கடக்கும் மக்கள் முதல் அடி எடுத்து வைக்கும் மண்ணுக்குப் பதினைந்து நிமிடம்!

சிறுவயதில் அம்மம்மா என்னை இங்கே கூட்டிவரும்போது, முதலில் ஆற்றில் இறக்கிக் கால் முகம் கழுவ வைப்பார். உதட்டில் உப்புக் கரிக்கும். பிறகு மடத்துப் பந்தியில் உட்காருவோம். கொதிக்கக் கொதிக்கச் சோறு விழும், அதன் மேல் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் ஒன்றோடொன்று கலந்து ஓடும், விரல் சுட்டாலும் கையை உதறக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் அது சிறிய விடயம் அல்ல என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அன்னதானக் கந்தன் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. அந்தப் பந்தியில் ஒரு முறை உட்கார்ந்தாலே பதினைந்து நிமிடம் போய்விடும், தம்பி.

"ஊருக்கு இலவச விளம்பரம் கிடைத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்று ஒருவர் ஏற்கெனவே உட்பெட்டியில் கேட்டுவிட்டார். ஒன்றுமில்லாத ஊர் என்பது எந்த ஊரில் விளம்பரம், ஐயா? "அப்படியென்றால் நீங்களே ஒரு காணொளி போடுங்கள்" என்பது அடுத்த அம்பு. எனக்குப் படம் எடுக்க வராது, எழுதத்தான் வரும், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் குப்பை கிடக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் சிரிப்பை நான் மன்னிக்க மாட்டேன். ஆற்றுக்கு மேற்கே வளலாய் மக்கள், போர்க்காலத்தில் இராணுவம் பிடித்துவைத்த தங்கள் காணிகளுக்குப் போக முடியாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2015இல்தான் அதில் ஒரு பகுதியாவது விடுவிக்கப்பட்டது. இக்கரையில் நின்று அக்கரையிலுள்ள தன் பனைகளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த ஊரில் பார்க்க இருந்தது என்னவென்று பதினைந்து நிமிடக்காரருக்கு நான் எப்படிச் சொல்வது? கனடாவிலிருந்து என் சொந்த மச்சானே அந்தக் காணொளிக்குக் கீழே சிரிக்கும் முகம் போட்டிருக்கிறான். அவனுடைய தகப்பன் இந்த ஆற்றில் நீந்தப் பழகியவர்.

காணொளியின் அடுத்த பகுதி பக்கத்து ஊரான வல்வெட்டித்துறை என்று அறிவித்திருக்கிறார். அந்தக் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அவரை அறிந்தவர்கள் யாராவது, அவர் ட்ரோனைத் திறப்பதற்கு முன்பே இதை அவருடைய காதில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் கடலைத் தவிர ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப்போகிறார்.