மச்சு பிச்சுவை மர்மம் என்று சொல்லாதீர்கள்

மச்சு பிச்சு வீடியோ ஒன்று மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரு நாட்டு மலை முகட்டில் மேகத்துக்குள் நிற்கும், தென் அமெரிக்காவின் பழைய இன்கா பேரரசு கட்டிய நகரம், பின்னால் திகில் இசை, “இதை மனிதர்கள் கட்டியிருக்க முடியுமா?” என்று ஒரு குரல். எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. மனிதர்கள்தான் கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதும் பெருமளவு தெரியும்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். எந்த இடத்துக்குப் போனாலும் தண்ணீர் எங்கே வடிகிறது என்றுதான் முதலில் கண் தேடும். மச்சு பிச்சுவில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை. இரண்டு சிகரங்களுக்கு நடுவில் ஒரு குறுகிய முகடு, இரு பக்கமும் செங்குத்துச் சரிவு, கீழே உருபாம்பா ஆறு. இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் வடியும் வாட்டம் தப்பினால் நாலு மழைக்குள் சுவரெல்லாம் ஆற்றில் கிடக்கும். ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கிறது என்றால் சும்மா இல்லை.

கென்னத் ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1990களில் போய் இதைத்தான் அளந்தார். சரிவில் படிப்படியாக அடுக்கியிருக்கும் வயல்களைத் தோண்டிப் பார்த்தால் மேலே நல்ல மண், அதற்குக் கீழே மணலும் பொடிக்கல்லும், அடியில் பெரிய கற்கள். பெய்கிற மழை தேங்காமல் மெதுவாக இறங்கிப் போய்விடும். நாங்கள் தடுப்புச்சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடியச் சுவரில் துளை விடுகிறோமே, அதே வேலைதான். நகரத்தின் சுவர்களில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வடிதுளைகள் இருக்கின்றன. மொத்தக் கட்டுமானத்தில் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது ரைட்டின் கணக்கு. புகைப்படத்தில் நாம் வாயைப் பிளந்து பார்ப்பது மிச்சத்தை மட்டும்தான்.

குடிநீருக்கு மலையில் ஓர் ஊற்று. அங்கிருந்து 749 மீட்டர் நீளத்துக்குக் கல் வாய்க்கால். அது ஊருக்குள் வந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக 16 தொட்டிகளில் விழுகிறது. முதல் தொட்டி அரசர் வீட்டுக்குப் பக்கத்தில். முதல் குடம் யாருக்கு என்பதை வாய்க்கால் வெட்டும்போதே முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அரசர் பச்சகூட்டி. குஸ்கோவைச் சுற்றியிருந்த சிறு நாட்டைப் பேரரசாக்கியவர். தலைநகர் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் குளிரில் கிடக்க, 2,430 மீட்டரில் இருக்கும் மச்சு பிச்சு அவருக்கு இதமான ஓய்விடம். அங்கே புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்து 2021இல் வெளியான முடிவுப்படி, 1420வாக்கிலிருந்து 1530வாக்கு வரை அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இரும்பு உளி கிடையாது, சக்கர வண்டி கிடையாது. கிரானைட்டைக் கடினமான கல்லாலேயே அடித்து அடித்து, முக்கியமான சுவர்களில் கலவை இல்லாமல் பொருத்தினார்கள். வேலை பாதியில் நின்றுபோன கற்கள் அங்கேயே கல்குவாரியில் இன்றும் கிடக்கின்றன. வீடியோக்காரர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை.

அப்புறம், தொலைந்த நகரத்தை ஒரு அமெரிக்கர் “கண்டுபிடித்தார்” என்கிற கதை. 1911 ஜூலை 24 அன்று யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராம் பிங்ஹாம் மேலே ஏறினார். வழி காட்டியவர் மெல்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி, கூலி ஒரு சோல், அதாவது பெரு நாட்டுப் பணத்தில் ஒன்று. மேலே போனால் ரிச்சார்ட்டே, அல்வாரெஸ் என்று இரண்டு குடும்பங்கள் இன்கா வயல்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. களைத்து வந்தவருக்குச் சுரைக்குடுவையில் குளிர்ந்த தண்ணீரும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தார்கள். இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியது அந்த வீட்டுச் சிறுவன். ஆள் குடியிருந்து அடுப்பு எரிந்த இடம் எப்படித் தொலைந்த நகரமாகும்?

அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1902இல், அகுஸ்தின் லிசாரகா என்ற விவசாயி அங்கே போய், மூன்று ஜன்னல் கோயில் சுவரில் கரியால் தன் பெயரை எழுதிவைத்திருந்தார். பிங்ஹாம் அதைப் பார்த்தார். மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் லிசாரகா என்று தன் குறிப்பேட்டிலும் எழுதினார். பிறகு சுவரிலிருந்து அந்த எழுத்து அழிக்கப்பட்டது. உலகம் முழுக்கப் போன கதையிலும் லிசாரகாவின் பெயர் இல்லாமல் போனது. பிங்ஹாமின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. காடு வெட்டி, அளந்து, படமெடுத்து உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். ஆனால் அந்தக் கரி எழுத்து அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

எலும்புகள் விஷயத்திலும் இதே கதைதான். பிங்ஹாமின் குழுவிலிருந்த ஜார்ஜ் ஈட்டன், கல்லறைகளில் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றார். உடனே, சூரியக் கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்ட “சூரியக் கன்னிகள்” வாழ்ந்த புனித நகரம் என்று கதை கட்டியாயிற்று. பின்னாளில் ஜான் வெரானோ என்ற எலும்பு ஆய்வாளர் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். கன்னிகள் இல்லை, அரசர் வீட்டுக்கு வேலை செய்த ஆட்கள்.

2023இல் அவர்களில் 34 பேரின் மரபணு முடிவுகள் வந்தன. ஆண்டீஸ் மலை, கடற்கரை, அமேசான் காடு என்று பேரரசின் பல மூலைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் ரத்த உறவே இல்லை. எனக்கு இது படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. சொந்த ஊரிலிருந்து எத்தனையோ நாள் நடந்து வந்து, வேறு மொழி பேசுகிறவர்களோடு வேலை செய்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். அந்த 34 பேரில் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது ஒரே ஒரு ஜோடி, ஒரு தாயும் மகளும். பிங்ஹாமின் ஆட்கள் தோண்டியெடுத்து யேலுக்குக் கொண்டுபோன எலும்புகளில் அவர்களுடையதும் உண்டு. பெரு நாடு வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2012வாக்கில், நூறு வருடம் கழித்து இருவரும் குஸ்கோவுக்குத் திரும்பி வந்தார்கள்.